உள்நாட்டுப் பயங்கரவாதம்: எங்கே அணைகிறது, எங்கே 30 ஆண்டு எரிகிறது

1970 மார்ச் 6 அன்று நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு மாடி வீடு வெடித்துச் சிதறியது. உள்ளே குண்டு தயாரித்துக்கொண்டிருந்த, வியட்நாம் போரை எதிர்த்த வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற தீவிர இடதுசாரி அமைப்பைச் சேர்ந்த மூவர் தங்கள் குண்டுக்கே பலியானார்கள். நான்கு மாதம் கழித்து, ஜூலை 3 அன்று, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபால்ஸ் பகுதிக்குள் பிரிட்டிஷ் ராணுவம் வீடு வீடாக ஆயுதம் தேடி இறங்கியது. அந்த ஆண்டில் இரண்டு செய்திகளையும் படித்த ஒருவர் அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருப்பார். அங்கே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. 1971இல் நாடாளுமன்றக் கட்டடத்திலும் 1972இல் பென்டகனிலும் வெடித்தன. ஆனால் வியட்நாம் போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்த அமைப்பு கரைந்துபோனது. சுமார் 15 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த வட அயர்லாந்திலோ வன்முறை 1998 வரை நீடித்து 3,500க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

குண்டுகளின் எண்ணிக்கையையோ ஒரு தாக்குதலின் கொடூரத்தையோ வைத்து நீடிப்பைக் கணிக்க முடியாது. 1995 ஏப்ரல் 19இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த குண்டுவெடிப்பில் 168 பேர் இறந்தார்கள், அவர்களில் 19 பேர் குழந்தைகள். அதைச் செய்ய ஓரிருவர் போதுமானவர்களாக இருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது ஓக்லஹோமா வரவில்லை. அரசு வெறுப்பு பேசிய ஆயுதக் குழுக்களிலிருந்து சில ஆண்டுகளில் ஆதரவாளர்கள் விலகியதுதான் நடந்தது. தாக்குதல் வேறு, தாக்குதல் தொடர் வேறு. தொடருக்கு ஓடி வருகிறவனுக்குப் பின்கதவைத் திறந்துவிடும் வீடு வேண்டும். விடிந்ததும் போலீஸ் கேட்டால் “எதுவும் பார்க்கவில்லை” என்று சொல்லும் தெரு வேண்டும். பிடிபட்டவனின் குடும்பத்துக்கு வாராவாரம் பணம் கொடுக்கும் ஆள் வேண்டும். அவனிடத்துக்கு வரும் அடுத்த பையன் வேண்டும். வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்கப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படையில் (ஐ.ஆர்.ஏ.) 1980களில் களத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர்களைச் சுமந்த தெருக்கள் அதைவிடப் பல மடங்கு.

அந்தத் தெருக்கள் முதலிலிருந்தே அப்படி இருக்கவில்லை. வட அயர்லாந்தை அலசினால் மனதில் தைப்பது இதுதான். 1960களின் முடிவில் ஐ.ஆர்.ஏ. ஏறக்குறையச் செத்த அமைப்பு. கத்தோலிக்கர்களின் கோரிக்கைகள் மிகச் சாதாரணமானவை. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும்தான் வாக்கு இருந்தது, தொழில் நடத்துபவருக்குக் கூடுதல் வாக்குகளும் உண்டு. டெர்ரி நகரில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை, ஆனால் வார்டு எல்லைகளை வரைந்த விதத்தால் மாநகராட்சி, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய புராட்டஸ்டண்ட் தரப்பான யூனியனிஸ்டுகளிடமே இருந்தது. அரசு வீடுகளை ஒதுக்குவது அந்தக் கவுன்சிலர்கள் கையில். 1968 ஜூனில் காலிடன் என்ற கிராமத்தில், குழந்தைகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி மணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண்ணுக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்தார். குடிமை உரிமை இயக்கம் வேகமெடுத்தது அதற்குப் பிறகுதான். அக்டோபர் 5இல் டெர்ரியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது தொலைக்காட்சியில் வந்தது.

1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் கலவரம் மூண்டது. பாம்பே தெரு எரிந்தது. 1,800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின, அவற்றில் பெரும்பாலானவை கத்தோலிக்கக் குடும்பங்கள். ராணுவம் வந்து இறங்கியபோது அதே கத்தோலிக்கத் தெருக்கள் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்து வரவேற்றன. பதினோரே மாதத்தில் அது தலைகீழானது. அதை மாற்றியது ஐ.ஆர்.ஏ.வின் திறமை என்பதைவிட, ராணுவமும் அரசும் எடுத்த நடவடிக்கைகள் என்பதே பொருந்தும்.

ஃபால்ஸ் ஊரடங்கைப் பாருங்கள். சுமார் 3,000 சிப்பாய்கள் நெருக்கமான தெருக்களைச் சுற்றி வளைத்தார்கள். ஒன்றரை நாள் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. சுமார் 1,600 கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. அந்தக் குறுகிய சந்துகளில் புகை போக வழி ஏது? நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் நூறு துப்பாக்கிகள் கிடைத்தன, ராணுவக் கணக்கில் அது வெற்றி. கிடைத்த ஆயுதங்களில் பெரும்பகுதி ‘அஃபிஷியல்’ ஐ.ஆர்.ஏ.வுடையவை. முந்தைய டிசம்பரில் பிரிந்திருந்த தீவிரப் பிரிவான ‘புரொவிஷனல்’ ஐ.ஆர்.ஏ.வுக்குச் சேதம் குறைவு, ஆனால் ஆள் சேர்ந்தது அவர்களிடம். ஜூலை 5 அன்று பக்கத்துப் பகுதிப் பெண்கள் குழந்தை வண்டிகளில் ரொட்டியும் பாலும் ஏற்றிக்கொண்டு ராணுவ வளையத்தை உடைத்து உள்ளே போனார்கள். அந்தப் பெண்களின் வீடுகள் அடுத்த 25 ஆண்டுகளுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது விசாரணையின்றித் தடுத்துவைத்தல். 1971 ஆகஸ்ட் 9 அதிகாலையில் 342 பேர் தூக்கப்பட்டார்கள், ஒருவர்கூட பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவரல்ல. அந்தக் குழுக்களும் அதற்குள் ஆட்களைக் கொன்றிருந்தன. திட்டம் சொதப்பியதற்குக் காரணம் பட்டியல். உளவுப் பிரிவு வைத்திருந்தது பழைய தலைமுறையின் பெயர்கள். 1950களில் துப்பாக்கி தூக்கி ஓய்ந்துபோனவர்கள், ஊர்வலம் போனவர்கள், தொழிற்சங்கத்தார் எல்லாரும் அதில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரை இரண்டு நாளில் விடுவிக்க வேண்டியிருந்தது. தேடப்பட்ட புதிய தலைவர்களோ விஷயம் கசிந்து முன்பே நழுவியிருந்தார்கள். 14 பேரைத் தனியே கொண்டுபோய், முகமூடி மாட்டி, சுவரில் கை ஊன்றி மணிக்கணக்கில் நிற்கவைத்து, இரைச்சல் போட்டு, தூக்கமும் சோறும் தண்ணீரும் மறுத்து விசாரித்தார்கள். 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்றது, சித்திரவதை என்ற சொல்லைத் தவிர்த்தது. தடுத்துவைத்தல் தொடங்கிய 1971 ஆகஸ்டின் அந்த மூன்று நாட்களில் பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபி பகுதியில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எல்லாரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று மரண விசாரணை சொல்ல 2021 மே வரை, 50 ஆண்டு, ஆயிற்று.

கணக்கைப் பாருங்கள். 1971இல் ஆகஸ்ட் 9க்கு முன் வரையான ஏழு மாதங்களில் இறந்தவர்கள் முப்பது சொச்சம் பேர். மிச்சமிருந்த ஐந்து மாதங்களில் 130க்கும் மேல். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், ஜனவரி 30 அன்று, டெர்ரியில் ராணுவம் ஊர்வலத்தின்மீது சுட்டு 13 பேரைக் கொன்றது, சுடப்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். 1972இல் மொத்தச் சாவு சுமார் 480, அத்தனை ஆண்டுகளிலும் அதுவே உச்சம். தடுத்துவைத்தல் 1975 டிசம்பரில் முடிந்தபோது உள்ளே போய் வந்தவர்கள் 1,981 பேர், அவர்களில் பிரிட்டன் ஆதரவுக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் 107 பேர் மட்டுமே. ஆயிரக்கணக்கான கத்தோலிக்கக் குடும்பங்கள் எதிர்ப்பாக அரசு வீடுகளின் வாடகையையும் வரியையும் நிறுத்தின. அரசு ஒரு சட்டம் போட்டு அந்தக் கடனை உதவித்தொகையிலிருந்து பிடித்துக்கொண்டது. துப்பாக்கியைத் தொடாத குடும்பத்தின் மாதக் கணக்கிலும் இப்படித்தான் போராட்டம் நுழைந்தது.

இதில் ஒரு கசப்பான பக்கம் உண்டு. கேட்ட சீர்திருத்தங்களில் பல வந்தே விட்டன. உள்ளாட்சியில் ஆளுக்கொரு வாக்கு வந்தது. வீடு ஒதுக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலர்களிடமிருந்து பிடுங்கி 1971இல் தனி வீட்டுவசதி வாரியத்திடம் கொடுத்தார்கள். ஆனால் அதே ஆண்டில் அதிகாலையில் கதவை உடைத்தும் வந்தார்கள். தெருவுக்கு நினைவில் நின்றது கதவு உடைந்ததுதான்.

ராணுவத்துக்கே இது பிறகு தெரிந்திருந்தது. 1978இல் பிரிகேடியர் ஜேம்ஸ் குளோவர் எழுதிய ரகசிய அறிக்கை, ஐ.ஆர்.ஏ.வில் இருப்பவர்கள் வேலையற்ற வெறும் ரவுடிகள் என்ற அரசுத் தரப்புச் சித்திரத்தைச் சான்றுகள் ஏற்கவில்லை என்றது. அடுத்த ஆண்டு அது ஐ.ஆர்.ஏ. கையிலேயே சிக்கி வெளியானதுதான் வேடிக்கை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. லிபியாவின் கப்பல் ஆயுதமும் அமெரிக்க ஐரிஷ் வம்சாவளியினரின் நன்கொடையும் செய்தியாகும். தினசரிச் செலவோ உள்ளூர்க் குடிக்கூடங்கள், கட்டுமானத் தொழிலில் வரிவிலக்குச் சான்றிதழ் மோசடி, எல்லை கடத்தல், கடைகளில் ‘பாதுகாப்பு’க் காசு இவற்றில் ஓடியது. கொள்கை முடிந்த பிறகும் தொழில் முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

அணைந்த இடத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலியின் தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவான சிவப்புப் படையணிகள் 1970இல் தொழிற்சாலைகளில் தொடங்கின. முதல் சில ஆண்டுகள் ஆலைத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் அவர்களை வழி தவறிய தோழர்கள் என்ற அளவில் சகித்துக்கொண்டார்கள். 1978 மார்ச் 16இல் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தினார்கள், காவலர்கள் ஐவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். 55 நாள் கழித்து மோரோவின் உடல் ரோமில் ஒரு காரின் பின்பகுதியில் கிடந்தது. நாடு அதிர்ந்தது. ஆனால் இயக்கத்தின் வேரை வெட்டியது அதைவிடச் சிறிய ஒரு கொலை என்பது நம் கணிப்பு. ஜெனோவாவில் இத்தால்சைடர் உருக்காலைத் தொழிலாளி கைடோ ரோசா, இடதுசாரித் தொழிற்சங்கத்துக்காரர், கம்யூனிஸ்ட். ஆலைக்குள் சிவப்புப் படையணியின் துண்டறிக்கையை வைத்துப் போன ஊழியரை அவர் காட்டிக்கொடுத்தார், நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 1979 ஜனவரி 24 விடியற்காலை, வேலைக்குக் கிளம்பியவரைச் சுட்டார்கள். இறுதி ஊர்வலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். அன்றோடு ஆலைகளின் பின்கதவு சாத்தப்பட்டது.

அரசும் அந்த நேரத்தில் சரியான கருவியை எடுத்தது. 1979 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம், கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து விசாரணைக்கு உதவுபவருக்கு ஆயுள் தண்டனையை 12 முதல் 20 ஆண்டாகக் குறைத்தது. 1980 பிப்ரவரியில் பிடிபட்ட பத்ரீசியோ பெச்சி வாய் திறந்தார், வரிசையாக மறைவிடங்கள் விழுந்தன. பழிவாங்கலாக 1981இல் அவருடைய தம்பி கடத்திக் கொல்லப்பட்டார். அதனால் ஆதரவு கூடவில்லை, இன்னும் கரைந்தது.

அதே கருவி வட அயர்லாந்தில் உடைந்தது. 1983இல் ஒரே ஒரு முன்னாள் உறுப்பினரின் வாக்குமூலத்தை வைத்து முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தண்டித்தார்கள். வேறு சாட்சி அதிகம் இல்லை, ஜூரியும் இல்லை. 1986இல் மேல்முறையீட்டில் அவற்றில் பெரும்பாலானவை ரத்தாயின. சாட்சி சொல்பவரைச் சுற்றியுள்ள சமூகம் அவர் பக்கம் நிற்கிறதா என்பதை எந்தத் தண்டனைக் குறைப்பாலும் ஈடுகட்ட முடியாது.

சமூக விளைவுகளுக்கு வருவோம். பேசப்படுவது உயிரிழப்பு, நீண்ட காலம் மிஞ்சுவது ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்துச் செய்தவை. 1974 நவம்பர் 21இல் பர்மிங்காம் மதுக்கடைகளில் 21 பேர் இறந்தார்கள். சில நாட்களில் பிரிட்டனில் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. குற்றச்சாட்டு இல்லாமல் ஏழு நாள் வரை பிடித்துவைக்கலாம். தற்காலிகச் சட்டம் புதுப்பித்துப் புதுப்பித்து 2000 வரை ஓடியது, பிறகு நிரந்தரச் சட்டம் வந்தது. அந்தக் குண்டுவெடிப்புக்காகச் சிறைப்பட்ட ஆறு பேர் குற்றமற்றவர்கள் என்று 1991இல்தான் விடுதலையானார்கள். உண்மையில் குண்டு வைத்தவர்கள் யாரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. இலங்கை 1979இல் கொண்டுவந்த சட்டத்தின் தலைப்பிலும் அதே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ உண்டு. 18 மாதம் வரை தடுத்துவைக்கவும், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்கவும் வழிசெய்த அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் பிறகு என்ன நடந்தது என்று தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேற்கு ஜெர்மனி வேறு வழியில் சேதப்பட்டது. செம்படைப் பிரிவு என்ற இடதுசாரி ஆயுதக் குழு அங்கே ஒருபோதும் ஒரு தெருவையோ வட்டாரத்தையோ தன்வசம் வைத்திருக்கவில்லை. 1998இல் தானே கலைந்ததாக அறிவிக்கும்வரை கொன்றது முப்பது சொச்சம் பேரை. ஆனால் தீவிர இடதுசாரிகளைப் பற்றிய அச்சம் பரவிய 1972 ஜனவரியில், பொதுப்பணிக்கு வருபவர்களின் அரசியல் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணை வந்தது. அடுத்த ஆண்டுகளில் சுமார் 35 லட்சம் பேரின் பின்னணி துருவப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை மறுக்கப்பட்டது. ஆசிரியர், தபால்காரர், ரயில் ஓட்டுநர் எல்லாரும் அதில் அடக்கம்.

பெல்ஃபாஸ்டின் சுவர்களும் இந்த வகைதான். 1969 செப்டம்பரில் ராணுவம் முள்கம்பியும் தகரமும் வைத்து முதல் தடுப்பைப் போட்டபோது, இது மிக மிகத் தற்காலிகமானது என்றார் தளபதி இயன் ஃப்ரீலண்ட். தகரம் கான்கிரீட் ஆனது, சில இடங்களில் ஆறு மீட்டரைத் தாண்டியது. எல்லாவற்றையும் 2023க்குள் அகற்றுவோம் என்று 2013இல் அரசு அறிவித்தது. 2023 வந்தது, பெரும்பாலானவை நின்றன. சுவரை இடிக்க வேண்டாம் என்பவர்களில் அதை ஒட்டிக் குடியிருப்பவர்களே அதிகம். இரவில் கல் வந்து விழாமல் இருப்பது அவர்களுக்கு அதனால்தான். இரு சமயக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் முதல் பள்ளி 1981இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

காவல்துறையின் கதை இன்னும் நுணுக்கமானது. 300க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். வேலைக்குச் சேரும் கத்தோலிக்கரை ஐ.ஆர்.ஏ. குறிவைத்தது, சொந்தத் தெருவும் ஒதுக்கியது. முடிவில் மக்கள்தொகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தவர்கள் காவல்துறையில் எட்டு சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். போலீஸ் நுழையாத இடத்தில் திருட்டையும் அடிதடியையும் யார் விசாரிப்பது? ஆயுதக் குழுவே விசாரித்தது. தண்டனை முழங்காலில் சுடுவது. பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனை மருத்துவர்கள் துப்பாக்கிக் காயத்திலும் மண்டை உடைந்தவர்களுக்கு டைட்டானியத் தகடு பொருத்துவதிலும் உலக அளவில் பெயர் வாங்கியது அந்த ஆண்டுகளின் வன்முறையில் காயம்பட்டவர்களைக் கவனித்துத்தான். 2001இல் பழைய காவல்துறையைக் கலைத்துப் புதிதாக அமைத்து, பத்தாண்டுகளுக்குப் பாதிக்குப் பாதி என்று ஆள் எடுத்தார்கள். கத்தோலிக்கர் பங்கு சுமார் 30 சதவீதம் வந்து அங்கேயே தேங்கியது. தண்டனைத் தாக்குதல்களோ போர்நிறுத்தத்துக்குப் பிறகும் நிற்கவில்லை.

நீடிப்புக்கு இன்னொரு பாதை உண்டு. அரசுக்கு எதிரான வன்முறையைப் பற்றியே பேசி அதை மறந்துவிடுகிறோம். வட அயர்லாந்தின் சாவுகளில் சுமார் 30 சதவீதத்துக்குப் பொறுப்பு பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுக்கள். தாங்கள் அரசின் பக்கம் நிற்பதாக நம்பியவர்கள் அவர்கள். சில நேரங்களில் அரசின் உளவுத்துறையும் அப்படியே நினைத்தது. 1989இல் வழக்கறிஞர் பேட் ஃபினுகேன் வீட்டில், குடும்பத்தின் கண்ணெதிரே சுடப்பட்டார். அதில் அரசு ஆட்களின் உடந்தை அதிர்ச்சி தரும் அளவுக்கு இருந்ததாக 2012இல் பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இந்த வகை வன்முறைக்குத் தெருவின் பின்கதவு குறைவாகவே தேவைப்படும். வழக்கு மெதுவாக நகர்ந்தால் போதும்.

ஒரு நாட்டில் தொடர் உருவாகிறதா என்று கணிக்க விரும்புபவர், ஆயுதப் பறிமுதல் கணக்கைவிட வேறு சில இடங்களைப் பார்ப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனங்கள் சீக்கிரம் மோப்பம் பிடிக்கும். 1992 ஏப்ரலில் லண்டனின் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் தகர்ந்த பிறகு அவை பயங்கரவாதச் சேதத்துக்கான காப்பீட்டிலிருந்து பின்வாங்கின, 1993இல் அரசே பின்னால் நின்று ‘பூல் ரீ’ என்ற கூட்டு நிதியத்தை அமைக்க வேண்டியிருந்தது. காவல்துறையில் எந்த வட்டாரத்திலிருந்து விண்ணப்பம் வருவது நின்றது என்பதைப் பாருங்கள். கூட்டம் நிறைந்த கடையில் நடந்த கொலைக்கு ஒரு சாட்சிகூட கிடைக்காமல் போகிறதா? ஜூரியில் உட்கார ஆட்கள் அஞ்சுகிறார்களா? வட அயர்லாந்தில் 1973இல் ஜூரியை எடுத்துவிட்டு ஒற்றை நீதிபதி நீதிமன்றங்கள் வந்ததற்கு அரசு சொன்ன காரணம் அதுதான்.

இந்த அளவுகோலில் இன்றைய அமெரிக்காவை வைத்தால், பெல்ஃபாஸ்ட் மாதிரியான தொடருக்கு வாய்ப்பு குறைவு என்றே தோன்றுகிறது. கோபக்காரர்கள் ஒரே தெருவில் நெருங்கி வாழவில்லை, நாடெங்கும் சிதறி இணையத்தில் கூடுகிறார்கள். இணையம் வெறியை ஏற்றும், ஒளிந்துகொள்ள வீடு தராது. 2019இல் எல் பாசோவில் 23 பேரையும், 2022இல் பஃபலோவில் 10 கறுப்பினத்தவரையும் கொன்றவர்கள் தனியாட்கள், சீக்கிரமே பிடிபட்டார்கள். இப்படித் துண்டு துண்டாக வரும் கொலைகள் இனியும் வரும், ஒன்றைப் பார்த்து இன்னொருவன் செய்வான். ஆனால் படை திரளாது. அங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது பாதை, அரசின் பக்கம் நிற்பதாக நம்புபவர்களின் வன்முறை. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் சாட்சிகள் வந்தார்கள், ஜூரிகள் அஞ்சாமல் உட்கார்ந்தார்கள். ஓத் கீப்பர்ஸ் என்ற வலதுசாரி ஆயுதக் குழுவின் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸ் ஆட்சி மாற்றத்தைப் பலத்தால் தடுக்கச் சதி செய்ததாக 2022 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 18 ஆண்டு சிறை பெற்றார். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பும், ரோட்ஸ் உட்படச் சிலருக்குத் தண்டனைக் குறைப்பும் வழங்கினார். மறுநாள் ரோட்ஸ் வெளியே இருந்தார்.